மயிரிழை இடைவெளி

மொறிஸ் மைனர் காரின் பின்பக்கத்தை உயர்த்தி, சக்கரத்தைக் கழற்றிவிட்டு உள்ளே பார்த்தால், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உருக்குத் தகடுகள் இரண்டு பக்கமும் நீளவாக்கில் கிடக்கும். யூ போல்ட்டுகள் அந்த அடுக்கை நடுவில் பின் அச்சோடு இறுக்கிக் கட்டியிருக்கும். அடுக்கின் முன்முனையில் ஒரு கண், பின்முனையில் ஒரு கண். முன்கண்ணைத் தடித்த போல்ட் ஒன்று காரின் உடலோடு பிணைக்கிறது. பின்கண் ஷக்கிள் என்ற சிறு இணைப்பில் தொங்குகிறது. சுமை ஏறினால் இந்தத் தகட்டு வில் நிமிர்ந்து நீளும், இறங்கினால் வளைந்து குறுகும். அந்த நீட்சிக்கும் குறுக்கத்துக்கும் இடம் கொடுப்பதுதான் ஷக்கிளின் வேலை. உருக்கோடு உருக்கு உரசாமல் இருக்க, கண்களுக்குள் இறப்பர் புஷ். 1804 இல் ஒபதையா எலியட் குதிரை வண்டிக்காகக் காப்புரிமை பெற்ற வில்லுக்கும் இதற்கும் அடிப்படையில் பெரிய வித்தியாசம் இல்லை.

இந்த அமைப்பில் பாகங்கள் குறைவு. விளக்கப்படத்தைப் பார்த்தால் அரை நாளில் கழற்றிவிடலாம் என்று தோன்றும். யாழ்ப்பாணத்துக் கார் ஒன்றில் அது இரண்டு மூன்று நாள் இழுக்கும். காரணம் கறள்.

மொறிஸ் மைனர் ஸ்போர்ட்ஸ் கார் அல்ல. ஆனால் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இங்கிலாந்து செய்த ஸ்போர்ட்ஸ் கார்கள் சிலவற்றின் பாகங்கள் இந்தக் குடும்பத்துக் கார்களிலிருந்து வந்தவையே. 1958 இல் வந்த ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிறைற் காரில் இருந்தது மைனரில் ஓடிய அதே 948 சீசீ எஞ்சின் வகை. அதன் ஸ்ரியரிங் றாக் மைனரிலிருந்து எடுத்தது. 1962 முதல் 1980 வரை செய்யப்பட்ட எம்ஜிபி காரின் பின்பக்கத்திலும் இதே வகைத் தகட்டு வில்தான். ஆகவே பழைய எம்ஜி ஒன்றைப் பிரித்துப் போட்டிருக்கும் ஆங்கிலேயரும், சுன்னாகத்தில் மைனர் ஒன்றைப் பிரித்துப் போட்டிருக்கும் மெக்கானிக்கும் ஒரே மாதிரியான போல்ட்டோடுதான் மல்லுக்கு நிற்கிறார்கள். இங்கிலாந்தில் உப்பு, மாரிகாலப் பனியை உருக்க வீதியில் தூவுவது. இங்கே அது வருடம் முழுக்கக் காற்றிலேயே வருகிறது.

இந்தக் கார்கள் இங்கே இவ்வளவு காலம் நின்றுபிடித்ததற்கு ஒரு வரலாறு உண்டு. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948 இல் லண்டன் ஏள்ஸ் கோட் கண்காட்சியில் அறிமுகமானது. பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையைத் தாண்டிய முதல் பிரித்தானியக் கார் அது. அதுவும் ஒஸ்ரின் ஏ40 சோமசெற், கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போட் ஆகியவையும் ஐம்பதுகளில் யாழ்ப்பாணத்துக்கு நிறைய வந்தன. அறுபதுகளின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி. இலங்கை கார் இறக்குமதியை இறுக்கியது. 1977 வரை, இருந்த காரைத் திருத்தி ஓட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை. பிறகு போர். 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் பெற்றோல், பற்றரி, சீமெந்து, வாகன உதிரிப்பாகம் எதுவும் வரவில்லை. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, மிச்சத் தூரம் மண்ணெண்ணெயில் ஓடின ஏ40களை அந்தக் காலத்தில் இங்கே வாழ்ந்தவர்கள் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். புதிய காரின் எஞ்சின் அதற்கு ஒத்துக்கொண்டிருக்காது. அமுக்க விகிதம் குறைந்த இந்தப் பழைய எஞ்சின்கள் புகைத்துக்கொண்டு ஓடின.

அதே காலத்தில் வேறு பல கார்கள் ஓடாமல் நின்றன. 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது கொட்டில்களில் விட்டுப் போனவை, எரிபொருள் இன்றி மாமரத்தடியில் நிறுத்தியவை, உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் ஆண்டுக்கணக்கில் அகப்பட்டவை. ஓடின காரைவிட நின்ற காரைத்தான் கறள் கூடுதலாகத் தின்றது. ஓடின காரில் வில் அசைந்தது, ஷக்கிள் ஆடியது, வெயிலும் காற்றும் ஈரத்தை உலர்த்தின. நின்ற காரில் ஈரம் இருந்த இடத்திலேயே இருந்தது. இன்று திருமண வீடுகளுக்கு அலங்கரித்து எடுக்கவென்று பலர் திருத்தத் தேடுவது பெரும்பாலும் இப்படி நின்ற கார்களைத்தான். 2020 மார்ச் முதல் 2025 தொடக்கம் வரை நீடித்த வாகன இறக்குமதித் தடை பழைய காரின் மதிப்பை இன்னும் ஏற்றிவிட்டது.

குடாநாட்டில் எந்த ஊரை எடுத்தாலும் கடலோ களப்போ பத்துக் கிலோமீற்றருக்குள் இருக்கும். தெற்கே யாழ்ப்பாணக் களப்பு, ஊடே உப்பாறும் தொண்டைமானாறும், வடக்கே பாக்குநீரிணை. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில், களப்பைக் கடந்து வரும் அது, கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகளைச் சுமந்து வந்து எல்லா உலோகத்திலும் படிய வைக்கிறது. சுத்தமான சோடியம் குளோரைட்டு, காற்றின் சாரீரப்பதன் ஏறக்குறைய 75 வீதத்தைத் தாண்டினால்தான் ஈரத்தை உறிஞ்சித் தானே கரையும். ஆனால் கடலுப்பில் மகனீசியம் குளோரைட்டும் உண்டு. அது ஏறக்குறைய 33 வீதத்திலேயே கரைந்துவிடும். யாழ்ப்பாணத்துக் காற்று 33 வீதத்துக்குக் கீழே உலர்வது மிக அரிது. அதாவது கடலுப்புப் படிந்த இரும்பு, பார்வைக்கு உலர்ந்திருந்தாலும், மெல்லிய உப்புநீர்ப் படலம் ஒன்றை இரவு பகலாகப் போர்த்தியபடிதான் இருக்கிறது.

இதே நீரிணையின் அக்கரையில் நிற்கிறது பாம்பன் பாலம். 1914 இல் திறந்த அந்தப் பழைய தூக்குப் பாலத்தில், அரிமானம் முற்றியதால் 2022 டிசம்பரில் ரயில் ஓட்டம் நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத உருக்குக் கம்பிகளும் பொலிசிலொக்சேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். பாலத்துக்கு அந்தச் செலவு செய்யலாம். மைனர் காரின் ஷக்கிள் ஊசிக்கு எழுபது வருடத்துக்கு முந்திய சாதாரண உருக்கும் ஒரு பூச்சும்தான். பூச்சு எப்போதோ போய்விட்டது.

தண்ணீரும் உப்பும் காரின் எல்லாப் பக்கத்திலும்தான் படுகின்றன. ஆனால் முன்பக்கத்து போல்ட்டுகள் பெரும்பாலும் இலகுவில் கழன்றுவிடும், பின்பக்கத்தவைதான் முரண்டு பிடிக்கும். பழைய ஆங்கிலேயக் கார்களின் எஞ்சினும் கியர்ப் பெட்டியும் ஓயாமல் ஒயில் கசிபவை. அந்தக் கசிவு முன்பக்கத்தின் அடியெல்லாம் படர்ந்து, கறுத்த பசையாய் ஒட்டி, இரும்பைக் காத்துவிடுகிறது. பின்பக்கத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதற்குப் பதிலாக, சக்கரம் வாரி எறியும் சேறு வில்லின் முனைகளிலும் அது உடலில் சேரும் பெட்டி மடிப்புகளிலும் அப்பிக்கொள்கிறது. பண்ணைப் பாலத்தாலோ பொன்னாலைப் பாலத்தாலோ தீவுப்பக்கம் போய்வரும் காராக இருந்தால் அந்தச் சேற்றில் உப்பு இருக்கும். வீட்டுக்கு வந்து கழுவும் கிணறும் உவராக இருந்தால், கழுவுவதே உப்பை ஏற்றுவதாகிவிடும். சேறு உலர்ந்தது போல மேலே வெளுத்திருக்கும், உள்ளே ஈரம் நாட்கணக்கில் நிற்கும்.

இனி அந்த ஈரத்துக்குள் நடப்பதைப் பார்ப்போம். இரும்பு கறள் பிடிப்பது மின்சாரத்தோடு சேர்ந்த ஒரு செயல். இரும்பின் ஒரு பகுதி இலத்திரன்களை விட்டுவிட்டு அயன்களாய்க் கரைகிறது, அது அனோட்டு. விட்ட இலத்திரன்கள் உலோகத்தின் ஊடாக வேறோர் இடத்துக்கு ஓடி, அங்கே நீரோடும் ஒட்சிசனோடும் சேர்ந்து ஐதரொட்சைட்டாகின்றன, அது கதோட்டு. கரைந்த இரும்பும் ஐதரொட்சைட்டும் இடைவழியில் சந்தித்து, மேலும் ஒட்சிசனைச் சேர்த்துக்கொண்டு செம்மஞ்சள் கறளாய்ப் படிகின்றன. உப்பு இந்த மின்சுற்றை இலகுவாக்கி, குளோரைட்டால் இரும்பின் பாதுகாப்புப் படலத்தையும் குலைக்கிறது.

அனோட்டு எங்கே அமையும், கதோட்டு எங்கே அமையும்? இதைத் தெளிவாகக் காட்டியவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் உலிக் எவன்ஸ். 1920களில் அவர் செய்த சோதனையைப் பாடசாலை ஆய்வுகூடத்தில் யாரும் செய்து பார்க்கலாம். நன்றாகத் தேய்த்த இரும்புத் தகட்டில் ஒரு துளி உப்புநீர். அதில் கொஞ்சம் பினோப்தலீனும் பொற்றாசியம் பெரிசயனைட்டும் கலந்திருக்க வேண்டும். சில நிமிடங்களில் துளியின் நடுப்பகுதி நீலமாகும். இரும்பு கரையும் இடம் அது. துளியின் விளிம்பு இளஞ்சிவப்பாகும். ஒட்சிசன் வேலை செய்யும் இடம் அது. இரண்டுக்கும் இடையில் கறள் வளையமாய்ப் படியும். காற்று அதிகம் படும் விளிம்பில் இரும்பு கெடவில்லை, காற்று எட்டாத நடுவில்தான் கெட்டது. முதல்முறை பார்ப்பவரை வியக்க வைக்கும் முடிவு இது. எனக்கு இன்னும் அந்த வியப்புத் தீரவில்லை.

நட்டுக்கும் போல்ட்டுக்கும் இடையில் உள்ள இடம் அந்தத் துளியின் நடுப்பகுதிதான், ஆனால் அதைவிடக் கொடியது. புரிகளுக்கு இடையே ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கை எட்டாத இடைவெளி கட்டாயம் இருக்கும், இல்லாவிட்டால் நட்டு சுற்றவே மாட்டாது. அந்த மயிரிழை இடைவெளிக்குள் தண்ணீர் தானாக ஏறுகிறது. உள்ளே இருந்த ஒட்சிசன் விரைவில் தீர்ந்துபோகும், வெளியிலிருந்து புதிது வர வழி குறைவு. ஆகவே வெளிப்பரப்பு முழுவதும் கதோட்டாக, உள்ளே உள்ள சிறு பரப்பு அனோட்டாகிறது. கரைந்த இரும்பு அயன்கள் நீரோடு தாக்கமுற்று அமிலத்தை உண்டாக்குகின்றன. மின்னேற்றத்தைச் சமப்படுத்தக் குளோரைட்டு அயன்கள் வெளியிலிருந்து உள்ளே இழுபடுகின்றன. நாள் போகப்போக, வெளியே மழைநீர் பட்டாலும் உள்ளே இருப்பது உப்பும் அமிலமும். நட்டின் வெளிப்பக்கம் பார்க்க ஓரளவு நன்றாக இருந்தும் உள்ளே புரி தின்னப்பட்டிருப்பது இதனால்தான்.

கறள் தான் தின்ற இரும்பைவிடக் கூடுதல் இடம் பிடிக்கும். எந்த வகைக் கறள், எவ்வளவு நீர் சேர்ந்தது என்பதைப் பொறுத்து இரண்டு மடங்கு முதல் ஆறு மடங்கு வரை. கடற்கரை வீட்டுக் கொங்கிறீற் தூண் வெடிப்பதற்கும் இதுவே காரணம். மூன்று மடங்கு என்று வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். 0.1 மில்லிமீற்றர் இடைவெளியை அடைக்க, இரண்டு பக்கமும் சேர்த்து 0.05 மில்லிமீற்றர் இரும்பு கரைந்தால் போதும். உப்புக்காற்று மிகுந்த கரையோரத்தில் பூச்சில்லாத சாதாரண உருக்கு ஒரு வருடத்தில் இழப்பது, சர்வதேசத் தர வகுப்பீட்டின்படி, 0.05 முதல் 0.2 மில்லிமீற்றர் வரை. ஓரிரு மாரி போதும் என்பது இதன் அர்த்தம். மாரி ஈரத்தில் பருத்த மரக்கதவு சட்டத்தோடு இறுகுவது போல, போல்ட் நட்டோடு இறுகிவிடுகிறது.

ஆகவே கழற்றுகிறவர் செய்யவேண்டியது ஒன்றுதான்: அடைபட்ட இடைவெளியை மறுபடி திறப்பது. நல்ல மெக்கானிக்குகளின் கைமுறைகள் எல்லாம் இதற்கானவையே. நெடிய பைப்பைச் சாவியில் செருகி ஏறி மிதிப்பது கடைசி வழியாகக்கூட இருக்கக் கூடாது என்பது என் கருத்து. இந்தக் கார்களில் இலகுவில் மாற்ற முடியாதது போல்ட் அல்ல. அந்த போல்ட் பிடித்திருக்கும் உடலின் தகடுதான். மைனரின் பின்வில் உடலோடு சேரும் இடம் உள்ளுக்குள் உக்கிப்போவதற்குப் பேர்போனது. முரட்டு வலுவில் போல்ட்டோடு சேர்ந்து அந்தத் தகடும் கிழிந்து வரும்.

அதனால் முதல் வேலை, காரை எங்கே தாங்குவது என்று பார்ப்பது. சுத்தியலின் முனையால் அடித்தட்டை மெல்லத் தட்டிக்கொண்டே போனால், நல்ல இரும்பு கணீரென்று சொல்லும், உக்கியது மந்தமாய் ஒலிக்கும், கறள் துகள் பொலபொலவென்று கொட்டும். கணீரென்ற இடத்தில் தாங்கி வைக்கவேண்டும். முன்சக்கரங்களுக்கு இருபக்கமும் கட்டை. உடல் தாங்கியில் நிற்க, பின் அச்சு ஜக்கில் நிற்கவேண்டும். ஜக்கை மெல்ல இறக்கி வில்லின் சுமையை விடுவித்த பிறகுதான் போல்ட்டில் கை வைப்பது. சுமையோடு இருக்கும் வில்லின் கண் போல்ட்டை ஒரு பக்கமாய் அழுத்திக்கொண்டே இருக்கும், கழன்றால் பாய்ந்து கையை உடைக்கும்.

அடுத்தது வயர் பிரஷ். புரியின் பள்ளங்களில் உலோகத்தின் நிறம் தெரியும்வரை தேய்க்கவேண்டும். எண்ணெய் விடுவதற்கு முன்பு இதைச் செய்வது முக்கியம். கறளும் சேறும் சேர்ந்த மேலோடு எண்ணெயைத் தானே குடித்துவிடும், இடைவெளிக்கு ஒன்றும் போகாது.

எண்ணெய் இடைவெளிக்குள் எப்படிப் போகிறது என்பதை 1921 இல் எட்வேட் வோஷ்பேர்ன் ஒரு சமன்பாட்டில் சொன்னார். பரப்பிழுவிசை உள்ளே இழுக்கிறது, பிசுக்குமை தடுக்கிறது. போகும் ஆழம், நேரத்தின் வர்க்கமூலத்துக்கு விகிதசமம். இந்தக் கடைசி வரி மெக்கானிக்குக்கு மிகவும் பயன்படும். ஒரு மில்லிமீற்றர் போக ஒரு மணித்தியாலம் எடுக்கும் இறுக்கமான இடைவெளி ஒன்று என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மில்லிமீற்றர் போக நான்கு மணித்தியாலம் வேண்டும். மூன்றுக்கு ஒன்பது. எட்டு மில்லிமீற்றர் தடித்த நட்டு ஒன்றை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் நனைத்தால் 64 மணித்தியாலம். இரண்டு பக்கமும் விட்டால் ஒவ்வொரு பக்கமும் நான்கு மில்லிமீற்றர்தான் போகவேண்டும், 16 மணித்தியாலத்தில் நடுவில் சந்தித்துவிடும். நட்டின் முதுகுப்பக்கத்திலும் எண்ணெய் விடச் சிரமப்பட்டுக் கையை வளைக்கிறாரே கிழட்டு மெக்கானிக், அந்தச் சிரமத்தின் பெறுமதி இரண்டு நாள்.

எந்த எண்ணெய்? எஞ்சின் ஒயிலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் பரப்பிழுவிசையில் பெரிய வித்தியாசம் இல்லை. பிசுக்குமையில் எஞ்சின் ஒயில் ஏறக்குறைய நூறு மடங்கு தடித்தது. வர்க்கமூலம் எடுத்தால், ஒரே நேரத்தில் மண்ணெண்ணெய் போகும் ஆழத்தில் பத்தில் ஒரு பங்குதான் எஞ்சின் ஒயில் போகும். ஆனால் மண்ணெண்ணெய் வழுக்கலைத் தராது, சீக்கிரம் உலர்ந்தும் போகும். அதனால் மண்ணெண்ணெயில் கொஞ்சம் மெல்லிய ஒயில் கலந்து விடுவது இரண்டு குறையையும் தீர்க்கும். இங்கே பல கராஜ்களில் வழக்கமாய்ச் செய்வது இதைத்தான், சமன்பாட்டைப் பார்த்து அல்ல, கைப்பழக்கத்தில். காலையும் மாலையும் விட்டு, இடையிடையே நட்டின் தலையில் சுத்தியலால் சிறு அடிகள். உதவிக்கு நிற்கும் பெடியன் அவசரப்பட்டுச் சாவியை எடுத்தால், “விடு தம்பி, எண்ணெய் ஊறட்டும், நாளைக்குப் பாப்பம்” என்ற பதில் வரும்.

அந்தச் சிறு அடிகள் வீண் சத்தம் அல்ல. கறள் அமுக்கத்தைத் தாங்கும், ஆனால் நொறுங்கும் தன்மை உடையது. உருக்கு வளைந்து கொடுக்கும் அளவுக்கு அது வளையாது. ஒவ்வொரு அடிக்கும் இடைவெளியில் உள்ள கறளில் நுண்ணிய வெடிப்புகள் விழுகின்றன, எண்ணெய்க்கு அவை புதிய வழிகள். பலமாக ஓர் அடி அடிப்பதைவிட மெல்லிய நூறு அடி நல்லது. பலமான அடியில் புரி நசுங்கிவிடும்.

சாவி வைக்கும்போது அளவு சரியாக இருக்கவேண்டும். இன்று நம் கராஜ்களில் இருப்பது ஜப்பான் வாகனங்களுக்கான மில்லிமீற்றர் சாவிகள். இந்தக் கார்களின் நட்டுகள் அங்குலக் கணக்கு. பதினாறில் ஒன்பது அங்குல நட்டு 14.29 மில்லிமீற்றர். 14 ஆம் இலக்கச் சாவி அதில் ஏறாது, 15 ஆம் இலக்கம் ஆடும். ஆடும் சாவி நட்டின் மூலைகளில் மட்டும் அழுத்தி அவற்றை உருட்டிவிடும். மூலை உருண்ட நட்டுக்குப் பிறகு மருந்து வெட்டுளிதான். அறுகோண வளையச் சாவி, அதுவும் அங்குல அளவில், ஒரு செட் வாங்கி வைப்பது நல்ல முதலீடு.

முதலில் திருப்பவேண்டியது இறுக்கும் திசையில். கொஞ்சமாக. புதிய போல்ட்டிலேயே நாம் கொடுக்கும் முறுக்கத்தில் ஏறக்குறைய 90 வீதம் உராய்வை வெல்லச் செலவாகிறது. பத்து வீதம்தான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கிறது. கறளில் அந்த உராய்வு பல மடங்கு. இறுக்கும் பக்கம் ஒரு நூல் அசைந்தால் கறளின் ஒட்டு உடையும். பிறகு தளர்த்த, மறுபடி இறுக்க, எண்ணெய் விட, மறுபடி தளர்த்த என்று போகவேண்டும். ஒரே மூச்சில் தளர்த்தினால், உடைந்த கறள் தூள் புரிகளுக்கு இடையில் உருண்டு திரண்டு முன்னைவிட மோசமாய் இறுக்கும்.

கை சொல்லும் செய்தியைக் கவனிக்கவேண்டும். ஒட்டு உடையும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம், சாவி சட்டென்று சிறு கோணம் நகர்ந்து மறுபடி கடினமாய் நிற்கும். அது நல்ல சகுனம். சத்தமே இல்லாமல், சாவி மெத்தென்று சுற்றிக்கொண்டு வந்தால் நட்டு கழலவில்லை, போல்ட் முறுகிக்கொண்டிருக்கிறது. இன்னும் கால் சுற்றில் அறுந்துவிடும். அப்போது நிறுத்துகிறவர்தான் மெக்கானிக்.

சூடு காட்டலாமா? உருக்கு ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் 12 பங்கு விரிகிறது. 12 மில்லிமீற்றர் துளையுள்ள நட்டை, உள்ளே போல்ட் சூடேறுமுன், 300 பாகை உயர்த்தினால் துளை 0.04 மில்லிமீற்றர் விரியும். மெல்லிய தலைமயிரின் தடிப்பு. கறளின் பிடியை உடைக்க அது தாராளம். சூடான நட்டில் மெழுகுதிரியைத் தொட்டால் மெழுகு உருகி இடைவெளிக்குள் ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம். ஆனால் மைனரின் பெற்றோல் தாங்கி இருப்பது டிக்கித் தட்டுக்குக் கீழே, ஷக்கிளுக்கு மிக அருகில். பிறேக் குழாயும் பக்கத்தில். தாங்கியைக் கழற்றி முற்றத்துக்கு அப்பால் வைக்காமல் சுவாலையை உள்ளே கொண்டுபோவது தற்கொலைக்குச் சமம். வெறும் தாங்கி நிறைந்த தாங்கியைவிட ஆபத்து, அதில் இருப்பது பெற்றோல் ஆவி. இன்னொன்று, சுவாலை வில்லுத் தகட்டில் படக்கூடாது. வில்லுருக்கு கணக்கான வெப்பத்தில் பதப்படுத்தப்பட்டது. சிவக்கச் சுட்ட இடம் தன் துள்ளலை இழந்துவிடும், அந்த வில் பிறகு தொய்ந்துபோகும்.

நட்டு கழன்ற பிறகும் முன்கண் போல்ட் வராது. பலர் சோர்ந்துபோகும் இடம் இது. புஷ்ஷின் இறப்பருக்குள் ஓர் உருக்குக் குழாய் இருக்கிறது. போல்ட் அந்தக் குழாயோடு முழு நீளத்துக்கும் கறளால் ஒன்றாகியிருக்கும். அடித்தால் இறப்பர் அடியை விழுங்கிவிடும், சாவியால் சுற்றினால் இறப்பரோடு சேர்ந்து சுற்றித் திரும்பி வரும். இங்கே வாதாடிப் பயன் இல்லை. கண்ணுக்கும் உடலின் பிடிக்கும் இடையில் வாள் அலகைச் செருகி இரண்டு பக்கமும் அறுத்துவிடவேண்டும். போல்ட் போகட்டும், புஷ்ஷும் போகட்டும், இரண்டும் எப்படியும் மாற்றவேண்டியவை. புதிய புஷ் கிடைப்பதும் கஷ்டம் அல்ல. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வேர், இந்தக் காரின் உதிரிப்பாகங்களை இலங்கையிலேயே செய்வித்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனவர். நம் நாட்டுக் கைகள் அந்தப் பாகங்களைச் செய்து பழகியவை.

கழற்றிய வில்லை மறுபடி பூட்டலாமா என்பதில் நான் கண்டிப்பானவன். தகடுகளுக்கு இடையில் உள்ளதும் மயிரிழை இடைவெளிதான். அங்கும் கறள் உட்கார்ந்து, தகட்டின் முகத்தில் அம்மைத் தழும்புபோல் குழிகளை விட்டிருக்கும். சுமை ஏறும்போது மேல்தகட்டின் மேல்முகம் இழுபடுகிறது. ஒவ்வொரு குழியின் அடியிலும் அந்த இழுவிசை குவிந்து, காலப்போக்கில் வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்கும். விரலால் தடவினால் குழி தட்டுப்படும் மேல்தகட்டைக் காரில் திரும்பப் போடாதீர்கள். புளியிலோ வேறு அமிலத்திலோ ஊறவைத்துக் கறளை எடுப்பதும் சின்ன போல்ட் தட்டுகளுக்குச் சரி, வில்லுத் தகட்டுக்குக் கூடாது. அமிலம் விடும் ஐதரசன் கடினமான உருக்குக்குள் புகுந்து அதை நொறுங்கவைக்கும். கழித்த தகட்டைக் கொல்லரிடம் கொடுங்கள். அது நல்ல கத்தியாகும்.

பூட்டும்போது புதிய போல்ட்டின் புரியிலும் குழாய்க்குள் போகும் தண்டிலும் செப்புத் தூள் கலந்த கிறீஸைப் பூசுங்கள். தண்ணீர் வருமுன் அந்த இடைவெளியைக் கிறீஸ் பிடித்துக்கொள்ளும். இறப்பரில் மட்டும் கிறீஸோ கழிவு ஒயிலோ படவேண்டாம், கனிய எண்ணெயில் இயற்கை இறப்பர் ஊதிக் கெட்டுவிடும். இறப்பர் ஏற மறுத்தால் சவர்க்கார நீர் போதும். கண் போல்ட்டுகளைக் கார் தன் சக்கரத்தில் நின்ற பிறகே இறுதியாய் இறுக்குங்கள். தொங்கிய நிலையில் இறுக்கினால் புஷ் எப்போதும் முறுகியே இருந்து சீக்கிரம் கிழியும்.

தீவுப்பக்கம் போய்வந்த அன்றே காரின் அடியைப் பின்சக்கரங்களைச் சுற்றிக் கழுவுங்கள். கிணறு உவரென்றால் பிடித்து வைத்த மழைநீரால் கழுவுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை, சோளகம் ஓய்ந்து மாரி தொடங்குமுன், ஷக்கிள் நட்டுகளைக் கழற்றி, துடைத்து, கிறீஸ் பூசி மறுபடி பூட்டுங்கள். அரை மணித்தியால வேலை.